பெல் கேட்கும் தூரம்

எங்கள் மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், உப்புத் தண்ணீரா, கரண்டுக்குத் தனி மீட்டரா, கறி சமைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டீர்களே. அந்த அம்மா மாடி ஏறி வந்தார், பால்கனியில் நின்று நாகமலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், முதல் கேள்வி கேட்டார்.

"இங்க இருந்து காலேஜ் பெல் கேக்குமாம்மா?"

வயசானவர், சத்தம் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "கேக்கும்தான். ஆனா தொந்தரவா இருக்காது. ஞாயித்துக்கிழமை அடிக்க மாட்டாங்க" என்று சமாதானம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை அடிக்காதா?" என்றார். முகம் வாடிவிட்டது.

அதோடு விட்டாரா? அடுத்த பெல் எப்போது என்று கேட்டு, "அடிக்கட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தேன். எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே கிடையாது. இருபது நிமிடம் அவர் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். பெல் அடித்தது. முழுசும் ஓய்கிற வரை கேட்டார். "வீடு பிடிச்சிருக்கு" என்றார். பாத்ரூமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்பதில்தான் அவர் வாழ்நாளெல்லாம் மாட்டிக்கொண்டு கிடந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஆத்தா என்பார். கோபம் வந்தாலும் ஆத்தாதான், குரல்தான் மாறும். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

நான் அப்போது கல்லூரியில் தேர்வுப் பிரிவில் கிளார்க். வீடு, கல்லூரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. ரிட்டயர் ஆன பிறகு எங்கள் பக்கம் வந்து குடியேறுகிறவர்கள் உண்டு. காற்று நன்றாக இருக்கும், நடக்கப் பெரிய மைதானம் இருக்கிறது, லைப்ரரியில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். எல்லாம் பழைய பேராசிரியர்கள், வாத்தியார்கள். இவர் அந்த வகை இல்லை. வில்லாபுரத்தில் சொந்த வீடு, கீழே இரும்புச் சாமான் கடை. வீட்டுக்காரர் காலமானதும் மூத்த மகன் கடையைப் பார்த்துக்கொண்டான், சின்னவன் ஓசூரில் வேலை. முப்பத்தெட்டு வருடம் கடையும் அடுப்படியுமாக இருந்தவர், "எனக்கும் ரிட்டயர்மெண்ட்டு உண்டுல்ல?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். சொந்த வீடு இருக்கும்போது அம்மா வாடகை வீட்டுக்குப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று மூத்தவனுக்கு ஒரே ஆத்திரம்.

"வேற இடமே பாக்கலயாக்கா?" என்று கேட்டேன்.

"பாக்காம என்ன? கோச்சடையில ஒரு வீடு நல்லாத்தான் இருந்துச்சு. காதைக் கொடுத்தா குக்கர் விசிலுதான் கேக்குது. கீழக்குயில்குடியில மலை இருக்கு, தாமரைக் குளம் இருக்கு, காத்து அம்புட்டு சுகம். ஆனா பெல் இல்லையே."

"நீங்க படிச்ச காலேஜ் பக்கமே போயிருக்கலாமே?"

"அது டவுனுக்குள்ள. பஸ்ஸுக ஹாரன்ல அங்க பெல்லே கேக்காதுத்தா இப்ப" என்றார். போய் நின்று கேட்டுப் பார்த்திருக்கிறார் என்று அந்தப் பதிலிலேயே தெரிந்தது.

காலை ஒன்பதரை பெல்லுக்கு அவர் குளித்து, சேலை கட்டி, பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி பெல்லுக்குச் சாப்பாடு. இடையில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பது கொஞ்சம் கஷ்டம். பெல் என்றில்லை, எதுவுமே முடிகிற வரை அவர் எழுந்திருக்க மாட்டார். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆசையாகக் கூட்டிப் போனேன். போதகர் ஐயர் அன்றைக்கு பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆரம்பித்துவிட்டார். பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிற நானே பிரியாணி தம்மில் கிடக்கிறது என்று நழுவி வந்துவிட்டேன். குலதெய்வத்தைத் தவிர வேறு சாமி தெரியாத அக்கா, ஆசீர்வாதம் சொல்லி, காணிக்கைப் பை திரும்பி, கடைசி விளக்கை அணைக்கும்வரை இருந்துவிட்டு வந்தார்.

கல்லூரியில் கருத்தரங்கு என்றால் இன்னும் விசேஷம். வெளியாட்களுக்கும் அனுமதி உண்டு என்று நான்தான் வாயை விட்டேன். அதிலிருந்து ஒன்று விடாமல் போனார். மண்ணியல், கணினி, பின்நவீனத்துவம், எதுவானாலும் சரி. டீ கொடுத்ததும் பையன்களும் பெண்களும் பின்கதவு வழியாகக் காணாமல் போவார்கள். ஒருதடவை நன்றியுரை சொல்ல வந்த இரண்டாம் ஆண்டுப் பெண், நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் துறைத்தலைவரும் நடுவில் அக்காவும்தான். அந்தப் பெண் தாளில் இருந்ததையெல்லாம் வாசித்துவிட்டு, "இறுதிவரை அமர்ந்திருந்த அம்மா அவர்களுக்கும் நன்றி" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அக்கா அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கேலி செய்வேன். ஆனால் என் மாமியார் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தக் கேலி வாயில் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், பத்து நிமிடம் நிற்பார்கள், ஸ்கூட்டர் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே பேசுவார்கள். அக்கா பஸ் பிடித்து வந்து, பார்வையாளர் நேரம் முடிந்து பெல் அடிக்கும்வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பதினோரு நாளும் வந்தார். என் மாமியாருக்கு அவர் யாரென்றே தெரியாது, ஆனாலும் "அந்தப் பிள்ளை வரலையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் மாடியில் உட்கார்ந்து எங்கள் ஆபீஸ் சூப்பரிண்டெண்டைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். கீழே பால் பொங்கும் வாசம் வந்தது. பாதியில் எழுந்தேன்.

"சொல்லி முடிச்சுட்டுப் போத்தா."

"பால் பொங்குதுக்கா!"

"பொங்கட்டும். பாதியில எந்திரிக்காத."

எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, அதே கோபத்தோடு திரும்பி வந்து கேட்டேன். "என்னக்கா உங்களுக்கு? நீங்க எதையுமே பாதியில விட்டதில்லையா?"

"ஒரு தடவ விட்டேன்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பி.ஏ. ஹிஸ்டரி. கடைசித் தாளு, இங்கிலாந்து வரலாறு. புதன்கிழமை. பத்து மணிக்குப் பரீட்சை. அந்த ஊரு ராஜா ஒருத்தனுக்கு ஆறு பொண்டாட்டில்ல? மூணாவது பொண்டாட்டி வரைக்கும் எழுதிட்டேன். பாத்தா எங்க சித்தப்பா ஹால் வாசல்ல நிக்கிறாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்லாம கொள்ளாம பொண்ணு பாக்க வந்துட்டாக. பன்னெண்டுக்கு ராகுகாலம் வந்துரும், அதுக்குள்ள பாத்துரணுமாம். ஹால்ல இருந்த சாரும் 'நல்ல காரியம்மா, போயிட்டு வா'ன்னு பேப்பரை வாங்கிக்கிட்டாரு. மணி பதினொண்ணு பத்து. யாரும் என்னைக் கையப் புடிச்சு இழுக்கல பாத்துக்க. நானாத்தான் எந்திரிச்சேன். ஒரு மணி பெல்லு அடிக்கிறப்ப ரெண்டாந் தடவ காபித் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்கு அது கேக்காது. ஆனாலும் கேட்டுச்சு."

மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது ரிசல்ட் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைதானே என்று பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. பேப்பர் வாங்கி வந்து நம்பரைத் தேடியவர் புதுமாப்பிள்ளைதான். நம்பர் இல்லை.

"ரெண்டு தடவ தேடுனாரு. அப்புறம் பேப்பரை மடிச்சாரு. 'அச்சடிச்சது அச்சடிச்சதுதான். நீ பி.ஏ.தான்' அப்படின்னாரு. அம்புட்டுத்தான். சாகுற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கல. ஆனா கடைக்கு ஆணி வாங்க வந்தவங்கிட்டகூட 'எங்க வீட்டுல பி.ஏ.'ம்பாரு. பத்தாப்பு தாண்டாத மனுசன்த்தா. பெருமையாச் சொல்லுவாரு. எனக்கு ஒவ்வொரு தடவையும் திக்குங்கும்."

"மறுபடி எழுதியிருக்கலாமேக்கா?"

"மொத வருசம் மூத்தவன் வயித்துல. அடுத்த வருசம் மாமனாரு படுக்கையில. அப்புறம் யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டேன், பரீட்சை எழுதலாம்ங்கிற வருசக் கணக்கு முடிஞ்சுபோச்சுன்னு பதில் வந்துச்சு."

எதற்காகப் பெல் சத்தத்தைத் தேடி வந்து குடியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. பொங்கி வழிந்த அடுப்பைத் துடைக்கிற சாக்கில் கீழே வந்துவிட்டேன்.

அடுத்த வருடமே அந்தச் சுற்றறிக்கை என் மேஜைக்கு வந்தது. பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு சிறப்பு வாய்ப்புத் தருகிறது, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் எழுதலாம். தேர்வு மையம் எங்கள் கல்லூரி. நான் படி ஏறவில்லை, பறந்தேன்.

அக்கா முழுசும் வாசித்தார். கடைசியில் இருந்த கையெழுத்து, சீல், நகல் யார் யாருக்கு என்பது வரை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம்த்தா."

"ஏன்?"

"இப்ப எழுதுனா, இம்புட்டு வருசமும் பொய்யின்னு ஆகும். பயலுகளுக்குத் தெரிஞ்சுரும். எனக்கென்ன, நான் கேட்டுக்குவேன். அவங்கப்பன் பொய் சொன்னாருன்னு ஆயிரும்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்துப்போன மனிதர் மானத்துக்காக உயிரோடு இருக்கிறவர் ஆசையை மூட்டை கட்டுவதா என்று கத்திவிட்டேன். அவர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று சாயங்காலம் அவரே தேர்வுப் பிரிவுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். கையில் ஒரு தாள். சின்ன மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், ஜாதகத்தோடு அனுப்ப மூத்தவன் டைப் செய்த விவரம். அப்பா, தொழில். தாயார், பெயர், பி.ஏ.

"மறுபடியும் அச்சடிக்கிறாங்கத்தா" என்றார். "பாரத்தைக் கொடு."

பழைய பதிவெண் இருந்தால்தான் விண்ணப்பமே போடமுடியும், எங்கே தேடுவது என்று நான் ஆரம்பிப்பதற்குள், ஏழு இலக்கத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். நான்தான் எழுத முடியாமல் திணறினேன். இங்கிலாந்து வரலாறு என்ற தாளே இப்போது கிடையாது. அதற்குச் சமமாக ஐரோப்பிய வரலாறு எழுத வேண்டும் என்றேன்.

"நம்ம பாத்துக்கிட்டே இருக்கும்போது இங்கிலாந்து ஐரோப்பாவாயிருச்சா? சரி, படிச்சுக்கிறேன்."

மூன்று மாதம் படித்தார். நான் மேலே போனால் போர்களும் உடன்படிக்கைகளும்தான். பயமாக இருக்கிறது என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்று மாதமும் சாப்பாட்டில் உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

பரீட்சை, பாருங்கள், புதன்கிழமையில்தான் வந்தது. பத்து முதல் ஒன்று. அக்கா காலையில் செல்போனை அணைக்காமலே என் மேஜையில் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார். பதினொரு மணிக்கு அது அடித்தது. எடுத்தால் மூத்த மகன்.

"அம்மா எங்க? வீடு பூட்டியிருக்கு, வாசல்ல நிக்கிறேன். தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போகணும், எல்லாரும் கார்ல இருக்கோம். பன்னெண்டுக்குள்ள போயாகணும்."

"இன்னைக்கு வேலை இருக்குன்னு அம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

"அம்மாவுக்கு என்னங்க வேலை?"

கல்லூரியில் இருக்கிறார் என்று உளறிவிட்டேன். ஐந்தாவது நிமிடம் அவன் என் மேஜை முன்னால். வியர்த்துப் போயிருந்தான். சொல்லாமல் இருக்க வழியில்லை, பரீட்சை எழுதுகிறார் என்றேன்.

"என்ன பரீட்சை? அம்மா பி.ஏ. ஆச்சே?"

அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். "அது என்னமோ இருக்கட்டும். அங்க பொண்ணு வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க. ராகுகாலத்துல போய் நிக்க முடியுமா? கூப்பிடுங்க மேடம், நல்ல காரியம்."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்த நான், அந்த செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலை நோக்கி நடந்தேன். நல்ல காரியம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் கால் தானாக எழுந்துவிடுகிறது. ஹால் வாசலில் போய் நின்றேன், எனக்குப் பின்னால் அவன். கண்காணிப்பாளர் என்ன என்பதுபோல் பார்த்தார். மூன்றாவது வரிசையில் அக்கா தலைநிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு சுவரில் மணி பார்த்தார். பதினொன்று பத்தோ பன்னிரண்டோ இருக்கும்.

எழுந்து நின்றார்.

போச்சு என்று நினைத்தேன்.

"சார்," என்றார் அக்கா, "அடிஷனல் ஷீட்டு."

கண்காணிப்பாளர் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. பன்னிரண்டரைக்கே பேனாவை மூடிவிட்டதாகப் பிறகு கண்காணிப்பாளர் சொன்னார். தாளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தாராம்.

ஒரு மணி பெல் அடித்து ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தார். மகன் முகம் சிவந்து நின்றான்.

"என்னம்மா இது? பத்திரிகையிலெல்லாம் பி.ஏ.ன்னு போட்டிருக்கே?"

"ஒரு தாளு பாக்கிடா. உங்கப்பாவுக்குத் தெரியும்."

அவன் அதற்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "இப்ப பொண்ணு வீட்டுக்கு என்ன சொல்ல?" என்றான், குரல் இறங்கி.

"போன் போட்டு ஒண்ணரைக்கு மேல வாரோம்னு சொல்லு. ராகுகாலம் முடிஞ்சுரும்ல." சொல்லிவிட்டு நின்றார். அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, அன்னைக்கும் ஒண்ணரைக்கு ராகுகாலம் முடிஞ்சிருக்கும்ல? ஒரு மணிக்குப் பெல் அடிச்சிருக்கும். அரை மணி நேரத்துல வீடு. ஒருத்தருக்குமே தோணல பாரேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மகன் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணையே பேசி முடித்தார்கள். சின்னவன் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது இந்த ரிசல்ட்டும் வந்திருக்கவில்லை. மூத்தவன் ப்ரூஃபை அக்காவிடம் காட்டினான். அவர் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கேட்காமலே அவன் எடுத்திருந்தான். அக்கா அதில் சரி என்று ஒரு டிக் போட்டுக் கொடுத்தார்.

ரிசல்ட் வந்த அன்று மூன்றரை மணிக்கு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். நாற்பத்தேழு. பாஸ். அக்கா அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார், பின்பக்கம் திருப்பி அதையும் வாசித்தார். பீரோவைத் திறந்து சேலைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்தார். அவருடைய கல்யாணப் பத்திரிகை. ஓரத்து மஞ்சள் வெளிறிப் போயிருந்தது. பெயரும் பி.ஏ.வும் நன்றாகத் தெரிந்தன. பட்டியலை நாலாக மடித்து அதே கவருக்குள் வைத்தார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்பதே மறந்துவிட்டது. நாலு மணி பெல் அடித்தது. ஓயும்வரை இருவரும் கேட்டோம்.

"எம் மனுசன் நல்ல மனுசன்த்தா" என்றார் அக்கா. "ஒரே ஒரு பொய்யி சொல்லிட்டிருந்தாரு. இனி அதும் இல்ல."